கண்டி: மலைத் தலைநகரும் அதன் கோயில்களும்

கண்டி இலங்கையின் மத்திய மலைநாட்டில் அமைந்த வரலாற்று நகரம். இலங்கை மன்னர்களின் கடைசித் தலைநகராக 1815 வரை விளங்கியது. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகை இங்கு உள்ளது. நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய நால்வருக்குரிய தேவாலயங்களும் நகரின் நடுப்பகுதியில் அமைந்துள்ளன. தற்போது மத்திய மாகாணத்தின் தலைநகராக உள்ள கண்டியை யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமைக் களமாக அறிவித்தது.

அமைவிடம்

கொழும்பிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் கண்டி அமைந்துள்ளது. நகரைச் சுற்றி மலைகள் உள்ளன. மகாவலி கங்கை மூன்று பக்கங்களில் வளைந்து ஓடுகிறது. நகரின் நடுவே செயற்கை ஏரி ஒன்றும், அதன் வடகரையில் தலதா மாளிகையும் பழைய அரண்மனைக் கட்டடங்களும் உள்ளன. மாளிகைக்குப் பின்புறம் உடவத்தகெல என்னும் காடு உள்ளது. இது அரசர் காலத்தில் பொதுமக்கள் நுழையக்கூடாத காடாக இருந்தது.

பெயர்

சிங்களத்தில் இந்நகரின் பெயர் மகாநுவர. இதற்குப் 'பெருநகர்' என்று பொருள். பழைய பெயர் செங்கடகல. செங்கண்ட என்ற முனிவர் இங்கு வாழ்ந்ததால் இப்பெயர் வந்தது என்பது வாய்மொழி மரபு. மலைநாட்டு அரசு 'கந்த உட ரட்ட' என வழங்கப்பட்டது. மலைமேல் உள்ள நாடு என்பது இதன் பொருள். போர்த்துக்கேயர் இதைச் சுருக்கி நாட்டையும் நகரையும் ஒரே பெயரால் அழைத்தனர். கண்டி என்ற பெயர் அவ்வாறு நிலைத்தது.

வரலாறு

தோற்றம்

14ஆம் நூற்றாண்டில் கம்பளையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு செங்கடகல நகரை அமைத்தார் எனக் கருதப்படுகிறது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேனாசம்மத விக்கிரமபாகு கோட்டை அரசின் மேலாண்மையிலிருந்து விலகி, கண்டியைத் தனி அரசின் தலைநகராக ஆக்கினார்.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தனர். நூற்றாண்டின் இறுதிக்குள் கோட்டை, சீதாவாக்கை அரசுகள் மறைந்தன. 1619இல் யாழ்ப்பாண அரசும் அவர்களிடம் வீழ்ந்தது. அதன்பின் தீவில் எஞ்சிய ஒரே சுதேச அரசு கண்டி.

பல்லும் அரசுரிமையும்

புத்தரின் பல் 4ஆம் நூற்றாண்டில் கலிங்க நாட்டிலிருந்து அனுராதபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டது என்பது பௌத்த மரபு. இளவரசி ஹேமமாலி அதைத் தன் கூந்தலுக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள் என்று கூறப்படுகிறது. நாளடைவில், புனிதப் பல்லைத் தன் காவலில் வைத்திருப்பவரே தீவின் உரிமையுள்ள மன்னர் என்ற நம்பிக்கை வேரூன்றியது. தலைநகர் மாறியபோதெல்லாம் பல்லும் இடம் மாறியது. பொலன்னறுவை, தம்பதெனிய, யாப்பகூவ, குருநாகல், கம்பளை, கோட்டை ஆகிய தலைநகரங்களில் அது வைக்கப்பட்டிருந்தது.

1560இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்த போர்த்துக்கேயர் ஒரு பல்லைக் கைப்பற்றிக் கோவாவுக்குக் கொண்டுசென்று அழித்தனர். அது உண்மையான புனிதப் பல் அன்று என்பது இலங்கைப் பௌத்தர்களின் நிலைப்பாடு. உண்மைப் பல் இரத்தினபுரிக்கு அருகிலுள்ள தெல்கமுவ விகாரையில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது என்பர்.

1590களின் தொடக்கத்தில் அரியணை ஏறிய முதலாம் விமலதர்மசூரியன், தெல்கமுவவிலிருந்து பல்லைக் கண்டிக்குக் கொண்டுவந்து இரண்டு அடுக்கு மாளிகை ஒன்றைக் கட்டினார். அவர் முன்பு போர்த்துக்கேயரிடம் இருந்து கிறித்தவராக ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய ஆட்சி வேரூன்றப் படைவலிமை மட்டும் போதுமானதாக இல்லை. பல்லின் காவலர் என்ற தகுதி அவரைப் பௌத்த மன்னராக மக்கள் ஏற்க வழிசெய்தது.

மூன்று ஐரோப்பியப் படைகள்

கண்டிக்குச் செல்லும் பாதைகளை அகலப்படுத்துவதை மன்னர்கள் விரும்பவில்லை. மலையேறும் ஒற்றையடிப் பாதைகளில் முட்களாலான கதவுகள் வைக்கப்பட்டுக் காவலர் நிறுத்தப்பட்டனர். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் இக்கதவுகளை விவரித்திருக்கிறார்.

பெரும் படைகள் நகரை அடைவதைவிட அங்கிருந்து உயிரோடு திரும்புவது கடினமாக இருந்தது. படை நெருங்கும்போது மன்னரும் மக்களும் நகரைக் காலிசெய்து மேலும் உள்ளே சென்றுவிடுவர். பல்லும் உடன் செல்லும். வெற்று நகரைப் பிடித்த படை உணவின்றியும் காய்ச்சலாலும் தளர்ந்து பின்வாங்கும்போது வழியில் தாக்கப்படும். 1594இல் தந்துரையிலும், 1630இல் ரந்தெனிவெலவிலும், 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன.

இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தருடன் 1638இல் உடன்படிக்கை செய்து போர்த்துக்கேயரை எதிர்த்தார். 1658இல் போர்த்துக்கேயர் இலங்கையை விட்டு நீங்கினர். ஆனால் கரையோரம் ஒல்லாந்தரின் கைக்குச் சென்றது. 1765இல் ஒல்லாந்தர் படை கண்டிக்குள் நுழைந்து அரண்மனையையும் மாளிகையையும் சூறையாடியது. பல் முன்னதாகவே பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. நோயால் வலுவிழந்த படை சில மாதங்களில் திரும்பியது. எனினும் 1766 உடன்படிக்கையால் கண்டி தன் கரையோர உரிமை முழுவதையும் இழந்தது.

1803இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து, முத்துசாமி என்பவரை அரியணையில் அமர்த்தினர். சில மாதங்களுக்குள் மேஜர் டேவி தலைமையில் அங்கு விடப்பட்ட படை சரணடைந்து பெரும்பாலும் கொல்லப்பட்டது.

நாயக்க மன்னர்கள்

கண்டி மன்னர்கள் மதுரை நாயக்கர் வழிவந்த குடும்பங்களில் பெண் எடுத்தனர். 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் பட்டத்து வாரிசின்றி இறந்தார். அவருடைய அரசியின் உடன்பிறந்தவர் ஸ்ரீ விஜய இராசசிங்கன் என்ற பெயரில் முடிசூடினார். அவரைத் தொடர்ந்து கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன், இராஜாதி இராசசிங்கன், ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் ஆகிய நாயக்க மன்னர்கள் ஆண்டனர். மன்னரின் உறவினர்கள் வாழ்ந்த தெரு மலபார் வீதி எனப் பெயர் பெற்றது.

கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனின் ஆட்சி (1747-1782) கண்டியின் பௌத்த மறுமலர்ச்சிக் காலமாகக் கருதப்படுகிறது. முழுத் துறவு அளிக்கும் உபசம்பதா சடங்கைச் செய்யத் தகுதியுள்ள பிக்குகள் அப்போது இலங்கையில் இல்லை. வெலிவிட்ட சரணங்கர தேரரின் முயற்சியால் சயாமிலிருந்து உபாலி தேரர் தலைமையில் பிக்குகள் வரவழைக்கப்பட்டு, 1753இல் உபசம்பதா மீண்டும் தொடங்கப்பட்டது. இவ்வழிவந்த சங்கம் சியாம் நிக்காய எனப்படும். மல்வத்தை, அஸ்கிரிய ஆகிய அதன் இரு பீடங்களும் கண்டியில் உள்ளன.

இதே மன்னர் சைவ வழக்கங்களையும் கைவிடவில்லை. நெற்றியில் திருநீறு பூசினார் என்பது பிரதானிகளில் ஒரு பகுதியினரின் மனக்குறையாக இருந்தது. 1760இல் அவரைக் கொன்று சயாம் இளவரசர் ஒருவரை அரசராக்கச் சதி நடந்தது. சரணங்கர தேரரும் அதில் தொடர்புபட்டார். சதி வெளிப்பட்டுப் பிரதானிகள் சிலர் தண்டிக்கப்பட்டனர். தேரரை மன்னர் பின்னர் மன்னித்தார். விகாரைகளுக்கு அளித்த ஆதரவையும் அவர் நிறுத்தவில்லை.

வீழ்ச்சி

கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1798இல் பிரதானி பிலிமத்தலாவையின் ஆதரவோடு அரசரானார். தலதா மாளிகையின் முன்புறமுள்ள எண்கோண மண்டபமான பத்திரிப்புவ, நகர ஏரி, அலை வடிவிலும் முகில் வடிவிலும் அமைந்த மதில்கள் ஆகியவை அவர் காலத்தவை. இவற்றை வடிவமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி. வயல்நிலத்தை ஏரியாக மாற்றக் கட்டாய உழைப்புப் பெருமளவில் பயன்படுத்தப்பட்டதால் மக்களிடமும் பிரதானிகளிடமும் வெறுப்பு வளர்ந்தது.

பிரதானி எகலப்பொலை 1814இல் ஆங்கிலேயரிடம் தப்பிச் சென்றார். மன்னர் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொல்லச் செய்தார். இந்நிகழ்ச்சி மன்னருக்கு எஞ்சியிருந்த ஆதரவையும் குலைத்தது. 1815 பிப்ரவரியில் ஆங்கிலேயப் படை பெரிய எதிர்ப்பின்றிக் கண்டிக்குள் நுழைந்தது. முந்தைய படைகளை அழித்த மலைகளும் காடுகளும் அப்படியே இருந்தன. அவற்றைக் காவல்காக்க வேண்டிய பிரதானிகள் இம்முறை மன்னருடன் இல்லை.

பிப்ரவரி 18 அன்று மன்னர் மெதமகாநுவரப் பகுதியில் பிடிபட்டார். மார்ச் 2 அன்று அரசவை மண்டபமான மகுல் மடுவத்தில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. நாயக்க வம்சத்தின் உரிமை நீக்கப்பட்டு, நாடு பிரித்தானிய முடியாட்சிக்குக் கீழ் வந்தது. ஒப்பந்தத்தின் 5ஆம் விதி பௌத்த மதத்தையும் அதன் வழிபாட்டு இடங்களையும் பேணுவதாக உறுதியளித்தது. பிரதானிகளின் கையொப்பங்கள் சிலவற்றில் தமிழ் எழுத்துகள் காணப்படுகின்றன.

மன்னர் தமிழ்நாட்டின் வேலூர்க் கோட்டைக்கு நாடுகடத்தப்பட்டு 1832 ஜனவரி 30 அன்று அங்கு இறந்தார். வேலூரில் பாலாற்றங்கரையில் உள்ள அவருடைய நினைவிடம் முத்து மண்டபம் எனப்படுகிறது.

1817-1818 கிளர்ச்சியின்போது பல் கண்டியிலிருந்து இரகசியமாக எடுத்துச் செல்லப்பட்டுக் கிளர்ச்சியாளரிடம் சேர்ந்தது. 1818இன் இறுதியில் ஆங்கிலேயர் அதைத் திரும்பக் கைப்பற்றினர். அரசுரிமையின் அடையாளம் அவர்களிடம் மீண்டது கிளர்ச்சியாளரின் ஊக்கத்தைக் குலைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் பல்லின் காவல் ஆங்கிலேய அதிகாரிகளின் பொறுப்பில் இருந்தது. கிறித்தவ அரசு பௌத்தச் சின்னத்தைக் காப்பதை மிஷனரிகள் எதிர்த்ததால், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பொறுப்பு பிக்குகளிடமும் தியவடன நிலமேயிடமும் ஒப்படைக்கப்பட்டது.

கோயில்கள்

தலதா மாளிகை

முதலாம் விமலதர்மசூரியன் கட்டிய மாளிகை இன்று இல்லை. தற்போதுள்ள உட்கோயில் நரேந்திரசிங்கன் காலத்தில் எழுந்து, பின்வந்த மன்னர்களால் விரிவாக்கப்பட்டது. இது இரண்டு அடுக்குகள் கொண்டது. மேல் அடுக்கில், ஒன்றனுள் ஒன்றாக வைக்கப்பட்ட தூபி வடிவிலான பொற்பேழைகளுக்குள் பல் வைக்கப்பட்டுள்ளது. நாள்தோறும் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை பூசை நடக்கும். பூசையின்போது ஹேவிசி எனப்படும் மேள வாத்தியங்கள் ஒலிக்கப்படும். வழிபடுவோர் பேழையை மட்டுமே காண முடியும்.

அரசருக்கு நீராட்டுதல், உணவு படைத்தல் ஆகிய அரண்மனை முறைகளை ஒத்தவை இங்குள்ள சடங்குகள். நிர்வாகத் தலைவரின் பதவிப் பெயரான தியவடன நிலமே என்பது நீர் தொடர்பான பணியைக் குறிப்பது. அரசர் இல்லாத நிலையில் அரசருக்குரிய சடங்குக் கடமைகளை அவரே செய்கிறார்.

1998 ஜனவரி 25 அன்று விடுதலைப் புலிகள் நடத்திய லாரிக் குண்டுத் தாக்குதலில் மாளிகையின் முகப்பும் சிற்பங்களும் சேதமடைந்தன, பொதுமக்கள் உயிரிழந்தனர். மாளிகை பின்னர் மரபுவழிக் கைவினைஞர்களைக் கொண்டு சீரமைக்கப்பட்டது.

நாத தேவாலயம்

கண்டியில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழமையானது இது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கற்கோயில் தென்னிந்தியத் திராவிடப் பாணியில் அமைந்தது. நாதர் என்பவர் மகாயான பௌத்தத்தின் அவலோகிதேசுவர போதிசத்துவர். புதிதாக அரியணை ஏறும் மன்னர் இங்கு வந்து தம் அரசப் பெயரை ஏற்பது மரபு.

விஷ்ணு தேவாலயம்

மகா தேவாலயம் எனவும் அழைக்கப்படுகிறது. இலங்கைப் பௌத்தர்கள் விஷ்ணுவைத் தீவையும் பௌத்தத்தையும் காக்கும் தெய்வமாகக் கருதுகின்றனர். மாளிகைக்கு வடக்கே உயரமான இடத்தில், படிகளேறிச் செல்லுமாறு இது அமைந்துள்ளது.

கதிர்காம தேவாலயம்

முருகனைச் சிங்களப் பௌத்தர்கள் கதிர்காமக் கடவுளாக வழிபடுகின்றனர். நகரின் கடைத்தெருப் பகுதியில் உள்ள இக்கோயிலில் இந்து அர்ச்சகர்கள் பூசை செய்கின்றனர். பௌத்தர்களும் தமிழ் இந்துக்களும் வழிபடுகின்றனர்.

பத்தினி தேவாலயம்

பத்தினி என்பவள் கண்ணகி. இலங்கை மன்னன் கயவாகு கண்ணகிக்கு விழா எடுத்ததைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. கஜபாகு மன்னன் பத்தினியின் சிலம்பை இலங்கைக்குக் கொண்டுவந்தான் என்பது சிங்கள மரபு. மழை வேண்டியும், அம்மை முதலிய நோய்கள் நீங்கவும், பிள்ளைகளின் நலனுக்காகவும் மக்கள் பத்தினியை வழிபடுகின்றனர்.

எசல பெரஹரா

ஆண்டுதோறும் ஜூலை அல்லது ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் ஊர்வல விழா எசல பெரஹரா. தொடக்கத்தில் இது நான்கு தேவாலயங்களின் விழாவாக இருந்தது. சயாம் பிக்குகள் வந்த பின்னர், கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் தலதா மாளிகையின் ஊர்வலத்தை இதில் சேர்த்து முன்னணியில் செல்லச் செய்தார். இந்து தெய்வங்களின் விழாவாகத் தோன்றியது இவ்வாறு பௌத்த அரசின் விழாவாக மாறியது.

தேவாலயங்களில் கால் நடுவதுடன் விழா தொடங்கும். முதலில் ஐந்து இரவுகள் கும்பல் பெரஹராவும், அடுத்து ஐந்து இரவுகள் ரந்தோலி பெரஹராவும் நடைபெறும். மாளிகை யானை பேழையைச் சுமந்து செல்லும். நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி என்ற வரிசையில் தேவாலய ஊர்வலங்கள் பின்தொடரும். கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில் நீர்வெட்டுச் சடங்கும், பகல் பெரஹராவும் நடந்து விழா நிறைவுறும். பாதுகாப்புக் கருதிப் பல் ஊர்வலத்தில் எடுத்துச் செல்லப்படுவதில்லை.

ஊர்வலத்தின் முற்பகுதியில் செல்லும் யானைமேல், பெரமுனே ரால என்னும் அலுவலர் மாளிகை நிலங்களின் ஏட்டைக் கையில் ஏந்தி அமர்ந்திருப்பார். இந்த ஏடு விழாவின் அடிப்படையைக் காட்டுகிறது. மன்னர்கள் கோயில்களுக்குக் கிராமங்களை மானியமாக அளித்தனர். அந்நிலங்களைப் பயிரிட்டவர்கள் மேளம் அடித்தல், நடனமாடுதல், சாட்டை சொடுக்குதல், தீவட்டி ஏந்துதல், யானை பராமரித்தல் போன்ற பணிகளைப் பரம்பரையாகச் செய்தனர். ஆங்கிலேயர் 1830களில் அரசுக்கான கட்டாய ஊழியத்தை ஒழித்தபோதும் கோயில் நிலங்களுக்கு விலக்கு அளித்தனர். மன்னராட்சி மறைந்த பின்னும் பெரஹரா தொடர இதுவும் ஒரு காரணம்.

சுற்றுப்புறக் கோயில்கள்

கண்டிக்குத் தென்மேற்கே கம்பளை அரசுக் காலத்தைச் சேர்ந்த மூன்று கோயில்கள் அருகருகே உள்ளன.

கடலாதெனிய விகாரை 1344இல் கட்டப்பட்டது. கணேசுவராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி அமைத்த இக்கற்கோயிலின் தூண்களும் அதிட்டானமும் தமிழகக் கோயில்களை நினைவூட்டுபவை.

லங்காதிலக விகாரையும் அதே காலத்தது. பாறைமேல் கட்டப்பட்ட இக்கட்டடத்தில் ஒருபுறம் புத்தர் சிலையும், மறுபுறம் தெய்வங்களுக்கான சந்நிதிகளும் உள்ளன. இங்குள்ள பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன.

எம்பெக்க தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்குரியது. இதன் முன்மண்டப மரத்தூண்கள் புகழ்பெற்றவை. மல்லர்கள், நடனப் பெண்கள், குதிரை வீரன், இருதலைப் பறவை, பின்னிய அன்னங்கள் போன்ற உருவங்கள் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளன.

நகருக்குக் கிழக்கே உள்ள தெகல்தொருவ குகை விகாரையில் 18ஆம் நூற்றாண்டின் கண்டிப் பாணி ஓவியங்களைக் காணலாம். ஜாதகக் கதைகளைத் தொடர் காட்சிகளாக, சிவப்புப் பின்னணியில் வரைவது இப்பாணியின் இயல்பு.

ஆங்கிலேயர் காலமும் இன்றும்

கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் 1820களில் கொழும்பு-கண்டி வீதியை அமைத்தனர். படைகளுக்கு எட்டாத நிலையில் கண்டியை வைத்திருந்த மலைவழிகள் இதனால் திறந்தன. 1867இல் இரயில் பாதை கண்டியை அடைந்தது. அவ்வாண்டிலேயே கண்டிக்குத் தெற்கே உள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் வணிக அளவில் தேயிலை பயிரிட்டார். கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் வழிவந்தோர் மலையகத் தமிழர் எனப்படுகின்றனர். கண்டியின் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் நகரின் முக்கிய இந்துக் கோயில்களில் ஒன்று. பேராதனையில் 1821இல் தாவரவியல் பூங்கா அமைக்கப்பட்டது. 1942இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகம் பின்னர் அதற்கருகில் உருவானது.

இலங்கையில் பொறுப்பேற்கும் அரசுத் தலைவர்கள் தலதா மாளிகைக்கு வந்து வழிபடுவது இன்றும் வழக்கம். அரசர் இல்லாத நகரில், பல்லுக்கும் ஆட்சிக்கும் இடையிலான பழைய தொடர்பு இவ்வாறு நீடிக்கிறது.